லிம்போ: போதனையா, கருத்தா?

‘திருச்சபை சொல்கிறது’ என்னும் தொடரை நம்மவர் மிக எளிதாகக் கையாளுகின்றனர். பொதுச்சங்கம் ஒன்று வரையறுத்த விசுவாச சத்தியமும் இத்தொடருக்குள் அடங்குகிறது; திருத்தந்தை ஒரு நேர்காணலில் சொல்லிச் சென்ற கருத்தும் அடங்குகிறது; பங்குக் குரு மறையுரையின்போது சொந்த ஆர்வத்தால் சேர்த்துக்கொண்ட விளக்கமும், பாட்டி பேரனுக்குச் சொல்லிவைத்த நம்பிக்கையும் அதே தொடருக்குள்தான் வந்து சேருகின்றன. இந்நான்கும் ஒரே எடை உடையவை அல்ல என்பதை ஏட்டளவில் எல்லாரும் ஒப்புக்கொள்வர். ஆனால் வீட்டில் ஒரு சாவு நேரும்போது அந்த வேறுபாடு நினைவுக்கு வருவதில்லை. அந்நேரத்தில் யார் சொன்னது காதில் விழுந்தாலும் அது திருச்சபையின் தீர்ப்பாகவே விழுகிறது.

இதனை விளக்க ‘லிம்போ’ என்னும் கருத்தின் வரலாற்றைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. திருமுழுக்குப் பெறுமுன்னே இறந்துவிடும் குழந்தைக்கு வானகப் பேறு இல்லை. சொந்தப் பாவம் எதுவும் இல்லாமையால் நரக வேதனையும் இல்லை. இறைவனைக் காணாமல், ஆயினும் துன்பமின்றி, அது என்றென்றும் தங்கியிருக்கும் ஓர் எல்லைப்புறம் உண்டு என்பதே அக்கருத்து. ‘லிம்புஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஆடையின் ஓரம் என்பது பொருள். சேலைக்குக் கரை இருப்பதுபோல நரகத்துக்கும் ஒரு கரை. அந்தக் கரையில் தங்கள் பிள்ளையை விட்டுவிட்டதாக நம்பியே எத்தனையோ தலைமுறைத் தாய்மார் வாழ்ந்து முடித்தனர்.

2007 ஏப்ரல் 20ஆம் நாள், ‘திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் மீட்பு பற்றிய எதிர்நோக்கு’ எனப் பொருள்படும் தலைப்பில் அனைத்துலக இறையியல் ஆணைக்குழுவின் ஆவணம் ஒன்று வெளியாயிற்று. ‘லிம்போவைப் போப் மூடிவிட்டார்’ என்னும் தொனியில் நாளேடுகள் பலவும் செய்தி வெளியிட்டன. அந்த ஆவணத்தை இன்று அமைதியாக எடுத்துப் படிக்கும்போது, மூடப்பட்டது எதுவும் அதில் இல்லை என்பதையே முதலில் காண்கிறோம்.

ஆவணம் எத்தகையது என்பதை அறியாமல் அது சொல்வதை மதிப்பிட இயலாது. இந்த ஆணைக்குழு 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுலால் நிறுவப்பட்டது; பல நாட்டு இறையியலாரைக் கொண்டது; விசுவாசக் கோட்பாட்டுத் துறைக்கு ஆய்வுரை வழங்குவதே அதன் பணி. அதன் ஏடுகள் திருச்சபையின் போதக அதிகாரத்தின் செயல்கள் அல்ல. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007 ஜனவரியில் இதனை வெளியிட இசைவளித்தார். வெளியிட இசைவளிப்பது ஒன்று. தம் போதனையாக ஏற்று அறிவிப்பது மற்றொன்று. லிம்போ என்பது இறையியற் கருத்து என்ற அளவில் இன்னும் ஒருவர் கொள்ளக்கூடியதே என்று அந்த ஆவணமே கூறுகிறது. ஆகவே, ‘திருச்சபை லிம்போவைப் போதித்தது’ என்பது எவ்வளவு பிழையோ, ‘திருச்சபை லிம்போவை ஒழித்தது’ என்பதும் அவ்வளவு பிழை. விசுவாச சத்தியமாக நிலைநாட்டப்படாத ஒன்றை ஒழிப்பது எங்ஙனம்?

அதே ஏப்ரல் மாதத்தில், நான்கு நாள்கள் முன்னதாக, அதே திருத்தந்தையின் ‘நாசரேத்தூர் இயேசு’ என்னும் நூலின் முதற்பகுதி அவருடைய 80ஆம் பிறந்தநாளன்று வெளிவந்தது. இந்நூல் போதக அதிகாரத்தின் செயல் அன்று, ஆண்டவரின் திருமுகத்தைத் தேடும் தம் சொந்தத் தேடலே. இதனை எவரும் மறுத்துப் பேசலாம் என்று அதன் முன்னுரையில் அவர் எழுதினார். உலகின் மிக உயர்ந்த போதக இருக்கையில் அமர்ந்திருந்த ஒருவர், தாம் எழுதுவது அந்த இருக்கையிலிருந்து அன்று என வாசகருக்குச் சொல்லிவைக்கிறார். இவ்வளவு தெளிவாகக் கோடு போட்டுக் காட்டிய பின்னும் அந்நூலைத் ‘திருச்சபையின் புதிய போதனை’ என மேடைகளில் பேசியோர் உண்டு. வாசகர் முன்னுரையைப் படிப்பதில்லை என்னும் பழைய குறை இங்கும் உண்மையாயிற்று.

லிம்போ எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். இக்கதையில் பலரும் அறியாத ஒரு திருப்பம் உண்டு. லிம்போ கொடுமையாகப் பிறந்த கருத்து அன்று, இரக்கமாகப் பிறந்தது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுவின் கொள்கையோடு புனித அகுஸ்தினார் போராடிக்கொண்டிருந்தார். மனிதன் தன் முயற்சியாலேயே மீட்படையலாம் என்பதுபோல் பேசிய அக்கொள்கைக்கு எதிராக, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கிறிஸ்துவின் அருள் இன்றியமையாதது என்று அவர் நிலைநாட்டினார். அந்த வாதத்தின் முனை குழந்தைகளின் மீதே சென்று பாய்ந்தது. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தை அழிவுக்கு உரியது. அதன் தண்டனை எல்லாவற்றிலும் மிக இலேசானது, ஆயினும் தண்டனையே என்றார். இதை அவர் மகிழ்ந்து சொல்லவில்லை. 415இல் புனித எரோணிமுவுக்கு எழுதிய மடலில், குழந்தைகளின் தண்டனையைப் பற்றிச் சிந்திக்கும்போது தாம் பெரிதும் தடுமாறுவதை அவரே வெளியிடுகிறார். மேதை தடுமாறிய இடத்தில் அவருடைய மாணவர் பரம்பரை தடுமாறவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் மேற்குத் திருச்சபையில் இக்கருத்தே ஓங்கி நின்றது. கீழைத் தந்தையர் இப்படி ஒரு தீர்ப்பை எழுதிவைக்கவில்லை. நீசா நகர்ப் புனித கிரகோரியார் குழந்தைகளின் முன்கூட்டிய மரணம் குறித்துத் தனி நூலே எழுதியும், அவர்களைத் தண்டனைக்கு அனுப்பவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார் இந்தக் கடுமையைத் தளர்த்தத் தொடங்கினார். 1201இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட், பிறப்புநிலைப் பாவத்துக்குரிய தண்டனை இறைக்காட்சியை இழப்பதே என்றும், சொந்தப் பாவத்துக்கே நரக வேதனை என்றும் ஆர்ல் நகரப் பேராயருக்கு எழுதிய மடலில் வேறுபடுத்தினார். அந்த இடைவெளியில்தான் லிம்போ குடியேறியது. புனித தோமா அக்குவினார் இன்னும் ஒரு படி முன்சென்று, அக்குழந்தைகள் தாம் இழந்தது இன்னதென்றே அறியமாட்டா, ஆதலால் வருந்தவும் மாட்டா என்றார். அகுஸ்தினாரின் நெருப்பிலிருந்து குழந்தைகளை வெளியே தூக்கிவர அன்றைய அறிஞர் கண்ட வழி அது. இந்த இரக்கத்தை ஏற்காமல் அகுஸ்தினாரின் கடுமைக்கே திரும்பிய ரிமினி நகர் கிரகோரி என்னும் இறையியலாருக்குக் ‘குழந்தைகளை வதைப்பவர்’ என்று பிற்காலத்தார் பட்டம் சூட்டினர். இறையியல் வரலாற்றிலும் இப்படிச் சில இடங்களில் மனிதம் எட்டிப்பார்க்கிறது.

அறிஞர் ஏட்டில் இருந்த லிம்போவை மக்கள் மனத்தில் ஓவியமாக நிறுத்தியவர்களுள் தலையாயவர் கவிஞர் தாந்தே. ‘தெய்வீக நாடகத்தின்’ நரக காண்டத்தில், நான்காம் படலத்தில், நரகத்தின் முதல் வட்டமாக அவர் லிம்போவை அமைக்கிறார். அங்கே அலறல் இல்லை. பெருமூச்சு மட்டும் உண்டு. ஆனால் அப்படலத்தைக் கூர்ந்து படிப்போருக்கு ஒன்று உறுத்தும். குழந்தைகள் அங்குள்ள கூட்டத்தில் ஒரு சொல்லாக வந்து மறைந்துவிடுகின்றனர். கவிஞரின் கண் ஹோமர், ஹொராசியு, ஒவீது, லூக்கான் ஆகியோர் மீதே செல்கிறது. ஏழு மதில் சூழ்ந்த கோட்டையும், அதனுள் உலவும் மெய்யறிஞரும், இசுலாமியராகிய சலாதீனும் அவிசென்னாவும் அவெரோவும் அவர் நெஞ்சைக் கவர்கின்றனர். தம் ஆசானாகிய வெர்ஜில் என்றென்றைக்கும் அங்கேதான் இருக்கவேண்டும் என்பதே தாந்தேயின் துயரம். குழந்தைகளுக்கெனக் கட்டப்பட்ட வீட்டில் பெரியோரைக் குடியேற்றியது எந்தச் சங்கமும் அன்று. ஒரு கவிஞரின் அன்பு. ஆயினும் ஐரோப்பாவின் கற்றோர் பலருக்கு லிம்போ என்றாலே தாந்தேயின் லிம்போதான். திருச்சபையின் போதனை எனப் பலர் கருதியது உண்மையில் ஒரு காப்பியத்தின் காட்சி.

அதே தாந்தே, விண்ணகக் காண்டத்தின் 32ஆம் படலத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய தொடக்க காலத்துக் குழந்தைகளுக்குப் பெற்றோரின் நம்பிக்கையே போதுமாயிருந்தது என்று புனித பெர்னார்தின் வாயால் சொல்லவைக்கிறார். பெற்றோரின் நம்பிக்கை ஒரு காலத்தில் போதுமென்றால் பிறகு ஏன் போதாமற்போயிற்று என்னும் வினா, கவிஞருக்கு எழுந்ததோ இல்லையோ, பதினாறாம் நூற்றாண்டில் கர்தினால் கயத்தானுக்கு எழுந்தது. தாய் வயிற்றிலேயே இறக்கும் குழந்தைக்குப் பெற்றோரின் விருப்பமும் வேண்டுதலும் திருமுழுக்கின் பயனைத் தரலாம் என்று அவர் எழுதினார். புனிதராகிய திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் அப்பகுதியைக் கயத்தானின் விளக்கவுரைப் பதிப்பிலிருந்து நீக்கச் செய்தார். கர்தினால் ஒருவரின் சொந்தக் கருத்தைத் திருத்தந்தை ஒருவர் அச்சிலிருந்து அகற்றினார். ஆனால் அக்கருத்தைத் தப்பறை எனச் சங்கம் எதுவும் கண்டனம் செய்யவில்லை. நீக்குதல் வேறு, கண்டனம் வேறு. இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளைச் சிலர் சட்ட நுணுக்கம் எனத் தள்ளிவிடுவர். அந்த நுணுக்கத்தின் வழியாகத்தான் பின்னாளில் குழந்தைகளுக்கு வழி திறந்தது.

இனி, எதிர்த்தரப்பார் எழுப்பும் வலுவான வினாவுக்கு வருவோம். 1439இல் புளோரென்சு பொதுச்சங்கம், சாவான பாவத்தோடோ பிறப்புநிலைப் பாவத்தோடு மட்டுமோ இறப்போர் நரகத்தில் இறங்குகின்றனர், ஆனால் சமமற்ற தண்டனை அடைகின்றனர் என அறிவித்தது. இது பொதுச்சங்கம், ஒரு கவிஞரோ தனி அறிஞரோ அன்று. இதை எளிதில் தாண்டிச் செல்ல நினைப்போரோடு நாம் உடன்படுவதில்லை. ஆனால் அவ்வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். பிறப்புநிலைப் பாவத்தோடு மட்டும் ஒருவர் இறந்தால் நேர்வது என்ன என்பதைச் சங்கம் சொன்னது. அவ்வாறு இறப்போர் இன்னின்னார் என்று பட்டியலிடவில்லை. ‘குழந்தைகள்’ என்னும் சொல்லும் அங்கு இல்லை; ‘லிம்போ’வும் இல்லை. அச்சங்கத்தில் இருந்தோர் மனத்தில் குழந்தைகளே இருந்திருப்பர் என்பதை நாமும் மறுக்கவில்லை. எனினும் மனத்தில் இருந்தது வேறு, வரையறுத்தது வேறு. திருச்சபையின் விசுவாசத்தைக் கட்டுவது வரையறுத்ததே.

1794இல் திருத்தந்தை ஆறாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணையையும் சிலர் எடுத்துக்காட்டுவர். இத்தாலியின் பிஸ்தோயா நகரில் 1786இல் கூடிய மறைமாவட்டச் சங்கம், ஜான்சேனியப் போக்கினால், லிம்போவைப் பெலாஜியக் கட்டுக்கதை என இகழ்ந்தது. அவர்களுக்கு லிம்போ போதிய கடுமை உடையதாக இல்லை! அந்த இகழ்ச்சியைத் திருத்தந்தை கண்டித்தார். ஒரு கருத்தைக் கட்டுக்கதை என இகழக்கூடாது என்பதும், அக்கருத்தை அனைவரும் விசுவசிக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல. அவர் காத்தது கத்தோலிக்க இறையியற் பள்ளிகளின் நற்பெயரை. லிம்போவை விசுவாச சத்தியமாக்கவில்லை.

திருத்தந்தையர் தனிப்பட்ட முறையில் தவறிப் பேசியதுண்டா என்று கேட்போருக்கு 22ஆம் அருளப்பரின் நிகழ்ச்சி போதும். 1331இல், எல்லாப் புனிதர் திருநாளன்று, அவிஞ்ஞோனில் அவர் ஆற்றிய மறையுரையில், நீதிமான்களின் ஆன்மாக்கள் பொதுத் தீர்வைக்குமுன் இறைவனை நேருக்கு நேர் காண்பதில்லை என்றார். தொடர்ந்தும் அவ்வாறே மறையுரைத்தார். பாரிசுப் பல்கலைக்கழக இறையியலார் எதிர்த்தனர், அரசரும் எதிர்த்தார். தாம் தனிப்பட்ட அறிஞர் என்ற முறையிலேயே பேசியதாக விளக்கிய அவர், 1334 டிசம்பரில் மரணப் படுக்கையில் அக்கருத்தைத் திரும்பப் பெற்றார். அவருக்குப் பின்வந்த 12ஆம் பெனடிக்ட் 1336 ஜனவரி 29ஆம் நாள் அதற்கு மாறான சத்தியத்தை வரையறுத்தார். பீடத்தில் நின்று, திருநாள் உடையணிந்து, திருத்தந்தை ஒருவர் உரைத்ததும் திருச்சபையின் போதனை ஆகிவிடவில்லை. இந்நிகழ்ச்சியைப் பிரிந்த சபையார் நம்மைக் குற்றஞ்சாட்டப் பயன்படுத்துவதால் நம்மவர் பேசக் கூசுகின்றனர். உண்மையில் திருச்சபையின் ஒழுங்கு எவ்வளவு நலமாக இயங்குகிறது என்பதற்கே அது சான்று.

நம் காலத்துக்கு வருவோம். 1985இல் வெளியான நேர்காணல் நூலில், அன்று விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் தலைவராயிருந்த கர்தினால் ராட்சிங்கரிடம் இத்தாலியப் பத்திரிகையாளர் வித்தோரியோ மெஸ்ஸோரி லிம்போ பற்றிக் கேட்கிறார். அது ஒருபோதும் வரையறுக்கப்பட்ட சத்தியமாக இருந்ததில்லை என்றும், துறைத்தலைவராக அல்ல, இறையியலார் என்ற முறையில் பேசுவதானால், கருதுகோளாகிய அதனைக் கைவிடவே தாம் விரும்புவதாகவும் அவர் விடை கூறினார். முதற்பகுதி வரலாற்று உண்மை. இரண்டாம் பகுதி சொந்த விருப்பம். இரண்டையும் ஒரே மூச்சில், ஆனால் கலக்காமல் சொன்ன நேர்த்தியை நாம் பாராட்டுகிறோம். திருத்தந்தை பிரான்சிசும் 2024 ஜனவரியில் இத்தாலியத் தொலைக்காட்சியில் பேசும்போது, இது விசுவாசக் கோட்பாடு அன்று, தம் சொந்த எண்ணமே என முன்கூட்டிச் சொல்லிவிட்டு, நரகம் வெறுமையாயிருப்பதாக எண்ணத் தாம் விரும்புவதாகக் கூறினார். கைப்பேசிகளில் நம் மக்களிடையே சுற்றிய துணுக்குகளிலோ ‘நரகம் இல்லை என்று போப் அறிவித்தார்’ என்பதே மிஞ்சியது. அறிஞர் இடும் வேலியைச் செய்தி பரப்புவோர் பிடுங்கிவிடுகின்றனர்.

போதனையின் படிநிலைகளை அளக்க இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘திருச்சபை’ என்னும் கோட்பாட்டு விளக்கத்தின் 25ஆம் எண்ணில் மூன்று அடையாளங்களைத் தந்துள்ளது: ஆவணத்தின் இயல்பு, ஒரே போதனையை அடிக்கடி எடுத்துரைத்தல், சொல்லும் முறை. இவற்றுள் இரண்டாவதுதான் நமக்கு இடர் தருகிறது. லிம்போவை அடிக்கடி எடுத்துரைத்தனர் அல்லவா? திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் பெயரால் வழங்கிய மறைக்கல்வி நூல், திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகள் லிம்போவுக்குச் செல்கின்றனர், இறைவனை அனுபவிப்பதில்லை, துன்புறுவதும் இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றிக் கற்பித்தது. 1951 அக்டோபரில் இத்தாலிய மருத்துவச்சியரிடம் பேசிய திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், புத்தி தெளியாத குழந்தைக்குத் திருமுழுக்கைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்ற பொருளில் பேசினார். அவ்வுரையின் நோக்கம் ஆபத்து வேளையில் தாமதியாமல் திருமுழுக்கு அளிக்கத் தூண்டுவது. மறுவுலகைப் பற்றிய புதிய வரையறை தருவது அன்று. மறைக்கல்வி நூலோ, வரையறுக்கப்பட்டதையும் பொதுக்கருத்தையும் ஒரே வினா-விடை நடையில், ஒரே அச்சில் தந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை அவற்றை எப்படிப் பிரித்தறியும்? இங்கே குற்றம் விசுவாசிகளின் மேல் இல்லை. எழுதியவர்கள் கோடு போடவில்லை. படித்தவர்கள் எல்லாவற்றையும் ஒன்றெனக் கொண்டனர்.

இனி, மக்கள் என்ன நம்பினர்? சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் ஓபர்ப்யூரன் என்னும் இடத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு மாதா திருத்தலம் இருந்தது. இறந்து பிறந்த குழந்தைகளைத் தொலைவிலிருந்து அங்கே தூக்கிவருவர். எரியும் தணலுக்கும் விளக்குகளுக்கும் நடுவே சிற்றுடலை வைத்துச் சூடேற்றுவர்; உதட்டின்மேல் ஒரு மெல்லிய இறகை வைப்பர். வெப்பத்தால் இறகு அசைந்தால், உயிர் ஒரு கணம் திரும்பிற்று எனக் கொண்டு உடனே திருமுழுக்களித்து, மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்வர். 1486இல் கொன்ஸ்டான்ஸ் ஆயர் இது மூடப்பழக்கம் என உரோமைக்கு முறையிட்டார். 1990களில் அவ்விடத்தை அகழ்ந்தோர் ஏறத்தாழ 250 சிசுக்களின் எலும்புகளைக் கண்டெடுத்தனர். பிரான்சிலும் இத்தகைய தலங்கள் பல இருந்தன. உரோமை இப்பழக்கத்தை ஏற்கவில்லை, ஏற்காதது முறையே.

ஆயினும் அந்த இறகைப் பற்றி நாம் நெடுநேரம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. அப்பெற்றோர் லிம்போவை நம்பினர். நம்பியதனாலேயே அதை ஏற்க மறுத்தனர். அறிஞர் ‘துன்பமற்ற இடம்’ என்று கட்டிக்கொடுத்த வீடு அவர்களுக்கு ஆறுதலாகத் தோன்றவில்லை. பிள்ளைக்குத் துன்பம் இல்லை என்பது தாய்க்குப் போதுமா? பிள்ளையை மீண்டும் காணவே முடியாது என்பதல்லவா அவள் கேட்டறிந்தது? மக்கள் நம்புவதெல்லாம் விசுவாசிகளின் விசுவாச உணர்வு ஆகிவிடாது என்று இதே ஆணைக்குழு 2014இல் வெளியிட்ட மற்றோர் ஏட்டில் விளக்கியுள்ளது, அது சரியே. இறகின் அசைவு மூடநம்பிக்கைதான். அந்த இறகை வைத்த கையின் ஏக்கம் மூடநம்பிக்கை ஆகாது.

நம் கடற்கரைக்கு நெருங்கிய பெயர் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, கை ஓயும்வரை திருமுழுக்களித்த புனித சவேரியார், பின்னர் யப்பானுக்குச் சென்றார். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், அங்கே மனந்திரும்பியோரின் பெருந்துயர் ஒன்றைக் குறிப்பிடுகிறார். இறந்துபோன தங்கள் பெற்றோரும் பிள்ளைகளும் முன்னோரும் நரகத்திலிருந்து மீள வழியே இல்லையா என்று அவர்கள் அழுதுகொண்டு கேட்டனர். இல்லை என்றே அவர் விடை கூறினார். அன்பர்கள் அழுவதைக் கண்டு தாமும் வருந்தினார். அவர் சொன்னது அக்கால இறையியலாரின் பொதுக்கருத்து. புனிதர் சொன்னதனால் அது சத்தியமாகிவிடவில்லை. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதோரும் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் பின்னர்த் தெளிவாகவே போதித்தது. சவேரியாரின் தூய்மைக்கு இதனால் குறைவு இல்லை. ஆனால் அந்த யப்பானியத் தாய்மாரின் கண்ணீருக்கு யார் பொறுப்பு என்னும் வினா, நானூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மை விட்டு அகலவில்லை.

2007ஆம் ஆண்டு ஆவணத்துக்குத் திரும்புவோம். அதன் மூன்று அதிகாரங்களுள் முதலாவதாகிய வரலாற்றுப் பகுதி நேர்மையானது; அகுஸ்தினாரின் கடுமையை மறைக்கவில்லை, மழுப்பவில்லை. ‘செபிக்கும் எதிர்நோக்கு’ என்னும் மூன்றாம் அதிகாரமே அதன் உயிர். இறைவன் எல்லாரும் மீட்புப் பெற விரும்புகிறார் என்பதையும், திருமுழுக்குப் பெறாத மாசில்லாக் குழந்தைகளைத் திருச்சபை புனிதராகக் கொண்டாடி வருவதையும் சான்று காட்டுகிறது. அவ்வாறு காட்டிவிட்டு, இவை எதிர்நோக்குக்குரிய காரணங்களே, உறுதியான அறிவு அல்ல என்று தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. திருமுழுக்கைத் தாமதப்படுத்த இவை சாக்கு ஆகா என்றும் எச்சரிக்கிறது. இந்த அடக்கத்தை அதன் பெருஞ்சிறப்பாக மதிக்கிறோம். குறை வேறிடத்தில் உள்ளது. பெற்றோரின் துயரும் குற்ற உணர்வும் முன்னுரையில் பேசப்படுகின்றன. ஆனால் நூல் பெரும்பாலும் இறையியலார் இறையியலாரோடு நடத்தும் உரையாடலாகவே செல்கிறது. துயருற்ற வீட்டில் வாசிக்கத்தக்க ஒரு பக்கம் அதில் கிடைப்பது அரிது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பழைய செபப் புத்தகங்களில் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என மூன்று இருந்தன. அங்கே ‘நம்பிக்கை’ என்பது வரவிருப்பதை எதிர்பார்த்திருத்தல். பின்னர் விசுவாசத்தையே நம்பிக்கை என்று சொல்லத் தொடங்கினோம். பழைய நம்பிக்கைக்கு ‘எதிர்நோக்கு’ என்று பெயரிட்டோம். மாற்றத்துக்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால், ‘குழந்தை மீட்படையும் என்பது திருச்சபையின் நம்பிக்கை’ என்று இன்று ஒருவர் சொன்னால், அது விசுவாச சத்தியமா, எதிர்நோக்கா? ஒரு சொல்லுக்குள் இரண்டு படிகளும் கலந்துவிடுகின்றன. இறந்த குழந்தையைச் ‘சம்மனசாகிவிட்டது’ என்று நம் மூதாட்டியர் சொல்வர். மனித ஆன்மா சம்மனசாக மாறுவதில்லை என்பது மறைக்கல்வி படித்த எவருக்கும் தெரியும். அடக்கத்தன்று அதைத் திருத்தப் புறப்படும் உபதேசியாரை நாம் போற்றமாட்டோம்.

போதனையின் எடையை அளக்க நாம் பொதுவாக மறந்துவிடும் கருவி ஒன்று உண்டு. அது திருச்சபையின் வழிபாடு. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (1239ஆம் விதி) திருமுழுக்கின்றி இறந்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அத்தகையோரைப் புதைக்க, மந்திரித்த கல்லறைக்குப் புறம்பே, கூடுமானால் அடைப்புள்ள தனி இடம் வேண்டும் என்றது. அயர்லாந்தில் வயல் ஓரங்களிலும் பாழடைந்த கோவில்களிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சிசுக்களை இரவோடிரவாகப் புதைத்து வந்தனர். அந்தச் சட்டம் தமிழகத்துக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. சட்டம் மாறத்தக்க ஒழுங்கே அன்றி விசுவாச சத்தியம் அன்று. எனினும் மண்வெட்டி பிடித்தவருக்கும் துணிப்பொதியைக் கையில் ஏந்தி நின்ற தந்தைக்கும் அதுவே திருச்சபையின் குரலாக ஒலித்தது. பிறகு, 1969இல் வெளியான புதிய அடக்கச் சடங்கு முறையில், பெற்றோர் திருமுழுக்களிக்க எண்ணியிருந்தும் அதற்குமுன் இறந்துவிட்ட குழந்தைக்கெனத் தனி மன்றாட்டுகள் இடம்பெற்றன. 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1261) அந்தச் சடங்கையே சுட்டிக்காட்டி, அக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. லிம்போவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆணைக்குழு ஆராய்ந்து முடிக்கச் சற்றேறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபை செபிக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் செபம் தனியொருவரின் கருத்து அன்று.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1183ஆம் விதியின் இரண்டாம் பத்தி, அத்தகைய குழந்தைக்குத் திருச்சபை அடக்கம் வழங்க மறைமாவட்ட ஆயர் இசைவளிக்கலாம் என்கிறது. இசைவை நாடுவது பங்குக் குருவின் வழியாக நடைபெறும். மருத்துவமனையிலிருந்து துணியில் பொதிந்த குழந்தையோடு வீடு திரும்பும் இளந்தம்பதியர்க்கு அப்படி ஒரு விதி இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அன்று மாலைக்குள் அதை அவர்களிடம் சொல்லவேண்டியவர், பெரும்பாலும், அடுத்த வீட்டுக் கத்தோலிக்கராகத்தான் இருப்பார்.